கொமுட்டரில் திருத்திய அறிக்கை

இன்று காலை கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போது, என் மாணவன் சரவணனின் அறிக்கையைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன்.

பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருப்பதாகச் சொல்லப்படும் கரும்பொருளின் (dark matter) துகள் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க உதவும் வாயுக் கருவி ஒன்றை அவன் சோதிக்கிறான். வாயுவில் பிரியும் எலக்ட்ரான்களில் ஒரு பங்கு, மின்னூட்டத்தைச் சேகரிக்கும் கம்பிக்கு வந்து சேரவில்லை என்று மூன்றாம் முறையாக எழுதியிருந்தான். ஓரத்தில் “கவனக்குறைவு” என்று எழுதினேன்.

பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், அது வழியிலேயே அயனியோட திரும்பச் சேர்ந்திருக்கும். வோல்டேஜ் ஏத்திப் பாத்தீங்களா?” என்றார்.

“இது ரிசர்ச்லா. நீங்க ஆபீஸ் கிளார்க்கா?” என்றேன்.

“இல்ல சார். ஹாஸ்பிட்டல்ல ரேடியேஷன் மெஷின் அளவு சரியான்னு பாக்கறவ. எங்களுக்கு இது பழகின தொல்லை.”

இறங்கும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் வோல்டேஜை ஏற்றியதும், காணாமல்போன மின்னூட்டம் பெரும்பாலும் திரும்பி வந்தது. சரவணன் அளந்ததில் பிழையே இல்லை. போன வாரம் எல்லார் முன்னாலும் அவனைத் திட்டியிருந்தேன்.

“மன்னிச்சிடுப்பா, தப்பு என்னோடது,” என்றேன்.

“பரவால்ல சார்,” என்றான், நிமிர்ந்து பார்க்காமல். அது இன்னும் உறுத்துகிறது.

ஆய்வுக் கட்டுரையில் ரயிலில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும், பெயரைக்கூடக் கேட்கவில்லை. நம் மின்மடல் குழுவில் யாருக்காவது அவரைத் தெரிந்தால் மடல் போடுங்கள். நானாக எதையாவது கண்டுபிடிப்பேன் என்று மட்டும் இனி நம்ப வேண்டாம்.