கடைசி ஆங்கிலச் செய்தி

கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற செல்லப்பாவுக்கு அவர் குடியிருந்த மஹய்யாவப் பகுதி அயலார் இட்டிருந்த பெயர் ‘மூணாம் நம்பர்’. எந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாலும், சிங்களத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, தமிழுக்கு மூன்று என்று அங்கே ஒலிக்கும் குரல் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல் மூன்றின்மேல் சென்று நிற்கும். அதன்பின் நெடுநேரம் இசை ஒலிக்கும். இசை ஓய்ந்ததும் வருகிறவர் சிங்களத்தில் பேசுவார். செல்லப்பாவுக்குச் சிங்களம் சரளம். ஆங்கிலமும் வேண்டிய அளவு வரும். ஆயினும் தமிழ் அறிந்தவரை அழைக்கும்படி பணிவாகக் கேட்டுக் காத்திருப்பார்.

“சிங்களத்துல ரெண்டு வார்த்தை பேசினா வேலை முடிஞ்சிரும். இவரு தமிழுக்குக் காத்துக்கிட்டு இருக்கிறதுல சோறு ஆறிப்போகுது,” என்பார் அவர் மனைவி புஷ்பம்.

“சோறு ஆறினா சுட வைக்கலாம் புஷ்பம். உரிமை ஆறினா?”

“அதையும் நான்தானே சுட வைக்கணும்.”

பதவியில் இருந்த காலமெல்லாம், படிவம் தமிழில் இல்லை, பெயர்ப்பலகையில் எழுத்துப் பிழை என்று மேலிடத்துக்கு மனு எழுதியவர் அவர். சில மனுக்கள் பலித்தன, பல பலிக்கவில்லை. அதில் அவருக்குக் கசப்பு இருந்ததில்லை. மாலையில் கோயிலுக்குப் போய்ப் பதிகம் பாடிவிட்டு வந்தால், அந்தச் சொற்களின் இனிமையே அவருக்குப் போதியதாக இருந்தது.

அந்தக் கோயிலின் பங்குனி உத்திர அன்னதானத்துக்கு அவரே நெடுங்காலம் பொருளாளர். மாசி பிறந்ததும் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்குவார். மழை பிடித்துக்கொண்டால் நோட்டுகள் நனைந்துவிடும். இரவில் அவற்றைக் கட்டிலில் பரப்பி, மின்விசிறியைச் சுழலவிட்டுப் புஷ்பமும் அவரும் கீழே பாய் விரித்துப் படுப்பார்கள். ஓர் ஆண்டு, பேருந்து நிலைய நெரிசலில் எவனோ பையின் அடியைக் கத்தியால் கீறிவிட்டான். போனதைத் தம் ஓய்வூதியத்திலிருந்து போட்டு நிரப்பினார் செல்லப்பா. அதன்பின் வங்கி அட்டை வந்தது. அதைப் பேராதனையில் ஓர் இயந்திரம் விழுங்கிவிட்டுத் திருப்பித்தர மறுத்தது.

“அதுக்கும் அன்னதானம் போட்டுட்டீங்களா?” என்று கேட்டார் புஷ்பம்.

சென்ற ஆண்டு கோயிலின் செயலாளரும் புடவைக்கடை முதலாளியுமான இராமகிருஷ்ணன் புதிய வழியொன்றைச் சொன்னார். “அண்ணே, நீங்க இந்த வயசுல படியேற வேணாம். கியூ.ஆர். கட்டத்தை அச்சடிச்சுக் கடைகள்ல ஒட்டிருவோம். ஆளுங்க போன்லயே அனுப்பிருவாங்க. கோயில் கணக்குன்னா காசு எடுக்க ஒவ்வொரு தடவையும் மூணு பேர் கையெழுத்து வேணும். ஒங்க கணக்குலயே விழட்டும்.”

“என் கணக்குலயா?”

“ஒங்கள விட நம்பிக்கையான பெட்டி இந்த ஊர்ல எங்க இருக்கு?”

அந்தச் சொல் செல்லப்பாவை மகிழ்வித்தது. மறுக்க இயலாமலும் ஆக்கியது. வீட்டில் புஷ்பம்தான் உடன்படவில்லை. அலுமாரியில் பூட்டிய பணத்தைத் தொட்டுப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத பணத்தை எப்படிக் காவல் காப்பது என்பது அவர் கட்சி.

“அலுமாரியை உடைக்க வர்றவன் வாசல் வழியா வரணும். நாயாவது குலைக்கும். இதுல எவன் வந்தான்னு எது குலைக்கும்?”

“இதுக்கு இரகசிய இலக்கம் இருக்கு. அது என் நெஞ்சுக்குள்ள இருக்கு. நெஞ்ச உடைச்சா எடுப்பான்?”

கைபேசி வழி நன்றாகவே நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். கடுகண்ணாவ ஊர்ச் சிறுகடைக்காரர்கூட நின்ற இடத்திலிருந்தே காணிக்கை அனுப்பினார். நனைந்த நோட்டும் இல்லை, கிழிந்த பையும் இல்லை. உத்திரத்துக்கு இரு வாரம் இருக்கையில், மூவாயிரம் பேருக்கு இலை போடுமளவு பணம் செல்லப்பாவின் கணக்கில் சேர்ந்திருந்தது.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது.

“ஐயா, வணக்கம். வங்கியிலிருந்து பேசுறேங்க. தமிழ் வாடிக்கையாளர்களுக்காகப் புதுசா ஒரு சேவை தொடங்கியிருக்கோம். இனிமே ஒங்களுக்கு எல்லாச் செய்தியும் தமிழ்லயே வரும்.”

மூன்றை அழுத்தாமலே வந்த தமிழ். நிதானமும் மரியாதையும் கொண்ட இளங்குரல். செல்லப்பா எழுந்து நின்றுவிட்டார். “புஷ்பம், தமிழ்ல பேசுறாங்க!” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். குழாய் நீர் பெருகி விழும் ஓசையில் புஷ்பத்துக்கு அது கேட்கவில்லை.

“மொழிய மாத்துறதுக்கு ஒரு ஓ.டி.பி. வருங்க. அத மட்டும் சொன்னீங்கன்னா...”

“தம்பி, ஓ.டி.பி.ன்னு சொல்லாதீங்க. ஒருமுறைக் கடவுச்சொல்னு சொல்லுங்க. தமிழ்ச் சேவை தொடங்கிட்டு அந்தச் சொல்ல விட்டுட்டீங்களே.”

“மன்னிச்சிருங்க ஐயா. நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒருமுறைக் கடவுச்சொல். சரிதானுங்களா?”

“அப்படித்தான்.”

கைபேசி அதிர்ந்தது. வந்த செய்தி ஆங்கிலத்தில் இருந்தது: ஆறு இலக்கங்கள், அவற்றை எவரிடமும் சொல்லவேண்டாம் என்ற எச்சரிக்கை. செல்லப்பா அதை வாசித்தார். பொருளும் விளங்கியது.

“இங்கிலீஷ்ல வந்திருக்கே தம்பி.”

“இதுதாங்க கடைசி. இனிமே தமிழ்தான்.”

ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார் செல்லப்பா. ‘ஏழு’ என்கையில் ழகரத்தை அதற்குரிய இடத்தில் நாவை மடித்து ஒலித்தார். அந்தப் பக்கத்தவன் அதைத் திருப்பிச் சொன்னபோது ‘ஏளு’ என்றான். அதையும் திருத்தினார். இன்னோர் இலக்கமும் வரும் என்றான், வந்தது, அதையும் சொன்னார். நன்றி கூறி அவன் வைத்தபின், முகமெல்லாம் ஒளியாகச் சமையலறைக்குள் போய், நாடு திருந்திக்கொண்டு வருகிறது என்று மனைவியிடம் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கையிலேயே மீண்டும் ஒரு செய்தி வந்தது. கணக்கில் இருந்த பணம் முழுவதும் வெளியே போய்விட்டது என்ற அச்செய்தியும் ஆங்கிலத்திலேயே இருந்தது.

புஷ்பம் கத்தவில்லை. சட்டையை எடுத்துக் கொடுத்து, “மொதல்ல வங்கிக்குப் போங்க,” என்றார்.

வங்கியில் சிங்களத்திலேயே முறையிட்டார் செல்லப்பா. மூன்றாம் இலக்கத்துக்குக் காத்திருக்க அன்று பொழுதில்லை. அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார், கணக்கை முடக்கினார், பொலிசில் முறைப்பாடு செய்யச் சொன்னார். பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் ஏதேனும் எஞ்சியிருந்தால் மறித்து வைக்கக் கேட்போம், பதில் கிடைத்ததும் தொலைபேசியில் சொல்வோம் என்றார்.

அன்றிரவு புஷ்பம் ஒன்றே ஒன்று சொன்னார். “இனிமே தமிழ்ல எவனாச்சும் போன் எடுத்தா வச்சிருங்க. வங்கிக்காரன்னா சிங்களத்துலதான் பேசுவான்.”

வாழ்நாள் முழுதும் மறுத்துவந்த அந்த வாக்கியத்தை, மறுப்பேதுமின்றி ஏற்றுக்கொண்டார் செல்லப்பா.

வியாழக்கிழமை கைபேசி ஒலித்தது. ஒரு பெண்குரல். “ஐயா, வணக்கம். வங்கியிலேருந்து தர்ஷனா பேசுறேன்.”

செல்லப்பா சீறினார். “இன்னும் என்னா மிச்சம் இருக்குன்னு எடுக்கிறீங்க?”

“ஐயா, கோவப்படாம கேளுங்க. மறிச்சு வச்சிருக்கிற காசுக்கு நீங்க வந்து ஒரு கையெழுத்து...”

“காசுல தொடங்கிட்டியா? ஊர ஏமாத்தவா ஒங்க ஆத்தா ஒனக்குத் தமிழ் கத்துக் குடுத்தா? தூ!”

வைத்துவிட்டார். அவள் மீண்டும் எடுத்தாள்; அவர் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவர் இத்தனை காலம் மனுப்போட்டுக் காத்திருந்த தமிழ் எழுத்துகள் திரையில் வரிசையாக நின்றன. முதற்சொல் ‘ஐயா’ என்றிருக்கக் கண்டார். அதற்குமேல் வாசியாமல் அழித்தார். மறுநாள் வந்த அழைப்புகளையும் அவ்வாறே விட்டார்.

வெள்ளி மாலை கதவு தட்டப்பட்டது. வங்கிச் சீருடைச் சேலையில், கையில் குடையோடு ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். “செல்லப்பா ஐயா வீடுதானுங்களே?” என்றாள்.

குரலை உடனே அறிந்துகொண்டார். கதவிலிருந்து விலகி வழிவிட்டார். புஷ்பம்தான் அவள் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.

தர்ஷனா கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவள். இந்தக் கிளைக்கு வந்து சில வாரங்களே ஆகின்றன. மறித்த பணம் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அதைக் கேட்டு அவர் கையொப்பமிட்ட விண்ணப்பம் அன்று வங்கி மூடுமுன் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போயிருக்கவேண்டும். போகாதபடியால் மறிப்பு நீங்கிவிட்டது. நீங்கியவுடன் பணமும் நீங்கிவிட்டது.

“நேத்தே நான் நேர்ல வந்திருக்கணும்ங்க,” என்றாள் அவள், குடையின் பிடியைப் பார்த்தபடி. “கலஹா பஸ் போயிருமேன்னு நெனைச்சிட்டேன். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

செல்லப்பா அவளிடம் மன்னிப்புக் கேட்டார். “பரவால்லைங்க ஐயா, திருடன்னு நெனைச்சுத்தானே ஏசினீங்க,” என்றாள். தேநீரைப் பாதி குடித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள். திருடனைத் தம்பி என்றழைத்து, மரியாதையாய்ச் ‘சொல்லுங்க’ என்று தமிழ் திருத்திய தாம், இவளை என்ன சொல்லி ஏசினோம் என்பதை அவர் அன்றிரவு முழுதும் எண்ணிக்கொண்டிருந்தார்.

பங்குனி உத்திரம் வந்தது. இராமகிருஷ்ணன் கடையிலிருந்து அரிசி தந்தார். செல்லப்பா வேறாகப் போட்டு வைத்திருந்த தம் சேமிப்பைத் தந்தார். ஆயினும் அவ்வாண்டு இலைச்சோறு இல்லை. வரிசையில் நின்றவர்களுக்குத் தொன்னையில் பொங்கல் கிடைத்தது. வரிசையின் பின்பாதிக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஒருவரும் அவரைக் குற்றம் கூறவில்லை. பொருளாளர் பதவியை அவரே இறக்கி வைத்தார். இன்று காணிக்கை கைபேசி வழியாகவே, மூவர் பொறுப்பிலுள்ள கோயில் கணக்குக்குப் போகிறது. அதுவே முறை என்று கேட்பவர்களுக்கெல்லாம் அவர் சொல்கிறார். கைபேசியின்மேல் அவர் பழி போடுவதில்லை.

சில மாதங்களுக்குப் பின், ஓய்வூதியம் எடுக்க வங்கிக்குப் போனார். தர்ஷனா தொலைபேசியில் யாருடனோ சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். சற்றுப் பேசியபின் தமிழுக்கு மாறினாள். அவள் வைத்ததும் கேட்டார்.

“தமிழ் ஆள்தானேம்மா? எதுக்குச் சிங்களத்துல தொடங்கினீங்க?”

அவள் சிரித்தாள். “எடுத்ததும் தமிழ்ல பேசினா நம்ம ஆளுங்க வச்சிடுறாங்க ஐயா. சிங்களத்துல வணக்கம் சொன்னாத்தான் வங்கின்னு நம்புறாங்க. அதுக்கப்புறம் தமிழுக்கு வர்றேன்.”

செல்லப்பா தலையசைத்தார். அவள் அவருடைய பணத்தையும் பற்றுச்சீட்டையும் நீட்டினாள்.

“ஒங்க கணக்குக்குச் செய்தியெல்லாம் தமிழ்ல வர்ற மாதிரி மாத்தி வச்சேனே ஐயா. வருதுங்களா?”

“வருதும்மா,” என்றார். வந்துகொண்டுதான் இருந்தது. ஒன்றையும் அவர் திறந்து பார்த்ததில்லை.