சுண்ணாம்பின் சொந்தம்

அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரசாயனவியல் படிக்கும் மகள் பதறினாள்.

"அம்மா, அதத் திறந்துறாதீங்க! முள்ளுல பூசியிருக்கிறது ரேடியம்."

"அதுல வெளிச்சமே போயிருச்சேடி."

"மினுங்குற பூச்சுதான் போச்சு. ரேடியம் இன்னும் ஆயிரம் வருசம் ஆனாலும் இருக்கும். அதுவும் கல்சியமும் ஒரே குடும்பம்மா. உள்ள போனா, ஒடம்பு கல்சியம்னு நெனச்சு எலும்புல சேத்துக்கும்."

கல்சியம் என்றதும் சுண்ணாம்புச் சூளையின் காரநெடி மூக்கில் ஏறியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, ஆடிக் கலவரம். இரத்தோட்டைப் பாதையில் தமிழர் கடைகள் எரிந்த பகல். அப்பா வேலை பார்த்த சூளையின் சிங்கள முதலாளி, அப்பாவையும் அம்மாவையும் சாக்கு அறைக்குள் வைத்துப் பூட்டினார். தம்பியையும் என்னையும் அவர் மனைவி தன் பிள்ளைகளோடு முற்றத்தில் உட்காரவைத்து, முகத்திலும் தலையிலும் சுண்ணாம்புக்கல் தூளை அப்பினார். என் பொட்டும் அதற்குள் மறைந்தது. சூளைப் பிள்ளைகள் எப்போதும் அப்படித்தான் வெளுத்துக் கிடப்பார்கள்.

தடிகளோடு வந்தவர்கள் எங்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார்கள்.

"இதுல தமிழ்ப் பிள்ளைங்க யாரு?" என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

"ஒக்கம மகே ளமய்," என்றார் முதலாளி. எல்லாம் என் பிள்ளைகள்.

அவர்கள் போய்விட்டார்கள். அதுவரை இருட்டறைக்குள் இந்தக் கடிகாரத்தின் பச்சை மினுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாக அம்மா பிறகு சொன்னாள்.

கடிகாரத்தைத் திறக்காமலே பெட்டியில் வைத்தேன்.

"ஒடம்பு தெரியாம சேத்துக்கிது," என்றேன் மகளிடம். "அந்தச் சூளை மொதலாளி தெரிஞ்சே சேத்துக்கிட்டாரு."