ஊசிக்குப் பயந்து ஏறிய சைக்கிள்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் தராசின் முள்ளைப் பார்த்து, எடையைச் சத்தமாகச் சொல்லி, புத்தகத்தில் எழுதுவது தோட்டத்துக் கிராணியான என் வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் முள் தெரியவில்லை. பனி இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன். மலேசியாவில் எங்கள் கேமரன் மலையில் பனி நினைத்த நேரத்தில் வரும், போகும்; அதற்காக யாரும் பதறுவதில்லை. பனி விலகட்டும், பிறகு நிறுக்கலாம் என்று வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கூடையோடு முன்னால் நின்ற செல்லம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பனி எங்க இருக்கு கிராணியம்மா? வெயில் சுள்ளுனு அடிக்குது."

அவளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். நான் கோபக்காரி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தராசுக்குப் பக்கத்தில் வருடக் கணக்காக நிற்கிறவள் சாந்தசொரூபியாக இருந்தால் வேலை நடக்காது. ஆனால் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தேன். ரோடு, மாதா கோயில், எதிரே வந்த ஆள், எல்லாமே மங்கல். வெயில் என்னவோ அடித்துக்கொண்டுதான் இருந்தது.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். மெஷின் பதினெட்டு என்று காட்டியது (எங்கள் நாட்டுக் கணக்கு வேறு, வெறும் வயிற்றில் ஏழுக்குள் இருந்தால் பரவாயில்லை). தோட்டத்தில் நாங்கள் இதை இனிப்பு நீர் என்போம். நீரிழிவு என்ற சொல்லை நோட்டீசில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை இறங்கினால் கண் தெளியும் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கண் தெளிந்தது.

இதைப் படிக்கிற உங்களில் இனிப்பு நீர் உள்ள பலருக்கும் முதன்முதலில் அந்த எண்ணைக் கேட்ட நாள் மறந்திருக்காது. எனக்கு எண் பயமாக இல்லை. என் பயமெல்லாம் ஊசி.

அதற்குக் காரணம் என் அண்ணன் சூசை. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்தவர். இரண்டு ஆள் தூக்குகிற உருளையைத் தனியாகத் தூக்கி மாட்டுவார். அவருக்கும் இதே நோய்தான். மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார்கள் (இன்சுலின் என்பது சர்க்கரையை உடம்பு செலவழிப்பதற்காகக் கணையம் சுரக்கும் நீர், அது போதாதபோது வெளியிலிருந்து கொடுக்கிறார்கள்). அவர் வீட்டுக் குளிர்பெட்டியில், மிளகாய்ச் சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில், ஊசிப் பேனாக்கள் இருப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இரண்டு வருடத்தில் ரப்பர் பூட்ஸ் உரசிப் பாதத்தில் ஒரு புண். புண் ஆறவில்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே. அதன்பின் சிறுநீரகம் கெட்டது. எட்டு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

ஊசி ஆரம்பித்தார், கால் போனது. இரண்டையும் முடிச்சுப் போட்டவள் நான். போட்டதோடு நிற்காமல் தோட்டம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "ஊசி மட்டும் வேணாம், எங்க அண்ணன அதுதான் தின்னுச்சு" என்று என் வாயால் கேட்டு ஊசியை மறுத்தவர்கள் உண்டு. செல்லம்மாவும் அதில் ஒருத்தி.

போன வருடம் என் முறை வந்தது. ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் பரிசோதனை, அதற்கு முந்திய நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன்) பதினொன்றைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மா கிள்ளானிலிருந்து வந்த சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. இனி மாத்திரை மட்டும் போதாது, ஊசி ஆரம்பிக்கலாம் என்றார். நான் முடியாது என்று பிடித்த பிடியில் நின்றேன்.

அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு நோட்டீஸ் இருந்தது. நீரிழிவு ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்கும் சைக்கிள் பயணம். பினாங்குப் பக்கத்திலிருந்து தைப்பிங், ஈப்போ வழியாக தானா ராத்தா வரை மூன்று நாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம். "இத நான் ஓட்டறேன். நம்பர் இறங்கும். அப்புறம் ஊசி பத்திப் பேசக்கூடாது" என்றேன்.

டாக்டரம்மா சுவர் நோட்டீசைத் திரும்பிப் பார்த்தார். "ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கப் போறீங்க. ஏற்கெனவே கண்டுபிடிச்ச மருந்த மட்டும் வேணாங்கறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சிரித்துவிட்டு, நான்கு மாதம் தருகிறேன் என்றார். கண்ணையும் இதயத்தையும் பரிசோதித்த பிறகுதான் பயணத் தாளில் கையெழுத்துப் போட்டார். தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், வண்டியை நிறுத்துகிற இடமெல்லாம் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. முதல் வாரம் எங்கள் லயத்து வீட்டு வரிசையிலிருந்து தொழிற்சாலைக்குப் போகிற மேட்டில் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். தலைக்கவசமும் கால்சட்டையுமாக என்னைப் பார்த்த கோயில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நிதிக்கு எல்லோரும் தாராளமாகக் கொடுத்தார்கள். கிராணியம்மா மூச்சு வாங்குவதைப் பார்ப்பதற்கே கொடுக்கலாம் என்று செல்லம்மா சொன்னதாகக் கேள்வி.

மூன்றாவது மாதம் அந்த மேட்டில் இறங்காமல் ஏறினேன். மேலே போய் நின்று, பார்க்க ஆள் இல்லையே என்று வருத்தப்பட்டேன்.

பயணத்தின் முதல் இரண்டு நாளும் சமவெளி. வெயில்தான் வதைத்தது; மலைக்காரிக்குக் கீழ்நாட்டு வெக்கை ஆகாது. என்னோடு சேர்ந்து ஓட்டியவள் வானதி, முப்பது வயது டீச்சர். இரண்டாம் நாள் சாயங்காலம் ஈப்போவில் ஒரு கோயில் மண்டபத்தில் தங்கினோம். என் அண்ணி லூர்து, சூசை அண்ணனின் மனைவி, இப்போது மகளோடு ஈப்போவில்தான் இருக்கிறார். எனக்காகச் சோறும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது வானதி பையிலிருந்து ஊசிப் பேனாவை எடுத்தாள். சட்டையைக் கொஞ்சம் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே போடுகிறேன் என்றாள் (குழந்தையிலேயே கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் வகை அது, அவர்களுக்கு ஊசியை விட்டால் உயிர் இல்லை). எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. பாவம் இந்தப் பெண் என்று மனது கேட்கவில்லை. வேண்டாம்மா, என் அண்ணன் காலை இந்த ஊசிதான் தின்றது, மெல்ல மெல்ல விட்டுவிடு என்று புத்தி சொல்ல ஆரம்பித்தேன்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.

"பிலோ, அந்தப் புள்ளகிட்ட அப்படிச் சொல்லாத. ஒங்க அண்ணன் ஊசி போட்டதே இல்ல. ஒரு நாள்கூட."

குளிர்பெட்டியில் பேனாக்களைப் பார்த்தேனே என்றேன்.

"பேனாவத் திருகி, மருந்த ஏனம் கழுவுற தொட்டியில விட்டுருவாரு. காலியானாத்தானே ஆஸ்பத்திரியில புதுசு தருவாங்க. ஊசி முனையப் பாத்தாலே அவருக்குக் கை நடுங்கும். வேற ஒன்னுமில்ல. பயம்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டது பாதி, கத்தியது பாதி. அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு. செத்தப்பறம் அந்த மனுசனப் பயந்தாங்கொள்ளின்னு சொல்ல எனக்கு மனசு வரல. நீ ஊரெல்லாம் ஊசியத் திட்டறப்ப ஒவ்வொரு தடவையும் சொல்லிடலாம்னு வருவேன். அப்புறம் போயிருவேன்."

முதலில் அண்ணி மேல் கோபம் வந்தது, பிறகு அண்ணன் மேல், அதற்குப் பிறகு என் மேல். செல்லம்மாவின் முகம் நினைவுக்கு வந்தபோது உட்கார முடியவில்லை. அண்ணன் சாகாமல் இருந்திருக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மண்டபத்து மூலையில் நின்று அழுதேன். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. வானதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணியும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எட்டு வருடம் அதை ஒற்றையாகச் சுமந்தவர் அவர்தான்.

அழுது முடித்து முகம் கழுவும்போது ஒன்றைக் கவனித்தேன். கோபம் அப்படியே இருந்தது. பயத்தைத் தேடினேன், காணவில்லை. இத்தனை வருடம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போயிருந்தது. அப்பாடா என்று இருந்தது.

மூன்றாம் நாள் முழுக்க ஏற்றம். மலையடிவாரத்துச் சிம்பாங் பூலாயில் தொடங்கி மேலே, மேலே. நான் அண்ணனைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். மெஷினைத் தூக்கின கை, இந்தத் துண்டு ஊசியைத் தூக்க முடியாமல் போயிற்றா? வானதி பின்னால் வந்துகொண்டிருந்தாள். யாரோடு பேசுகிறீர்கள் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. பாதி மலையில் உடம்பு நடுங்கியது. உச்சி நெருங்குகிறது, குளிர் என்றேன். அவள் என்னை இறக்கி விரலைக் குத்திப் பார்த்தாள். மூன்றரை. தாழ்சர்க்கரை (இரத்தத்தில் சர்க்கரை தேவைக்குக் கீழே போவது; நடுக்கம், வியர்வை, எரிச்சல் வரும்; உடனே இனிப்பு எடுக்க வேண்டும்). எரிச்சல் எனக்குப் பிறவிக் குணம், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இனிப்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். ஆறு வருடத்தில் ஒருவர் என்னை மிரட்டிச் சர்க்கரை கொடுத்தது அன்றைக்குத்தான். தேவாமிர்தம். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, ஒரு ரொட்டியும் தின்ற பிறகுதான் ஏற விட்டாள்.

கோலா தெர்லாவில் என் வீட்டுக்காரர் அந்தோணி காய்கறி லோரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இறங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் அண்ணனும் கூட்டாளிகள்.

"அப்ப நாளைக்கு லீவு போடறேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லோரியில ஏறிக்கிறியா? இவ்ளோ வந்ததே போதும்லா" என்றார். நான் முறைத்த முறைப்பில் தலைக்கவசத்தை எடுத்து அவரே மாட்டிவிட்டார்.

பிரிஞ்சாங் வந்தபோது காலில் உணர்ச்சியே இல்லாத மாதிரி இருந்தது. தானா ராத்தா திடலுக்குள் கடைசிக்கு முந்திய ஆளாக நுழைந்தேன். தோட்டத்துச் சனம் லோரியில் வந்து இறங்கியிருந்தது. செல்லம்மா எனக்குத் துண்டு போர்த்தினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நாளை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வா, நான் உனக்குச் சொன்னது பொய் என்றேன். எதை என்று அவள் கேட்டாள். அங்கேயே, சனத்துக்கு நடுவில், சொன்னேன்.

மறுநாள் டாக்டரம்மா இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பதினொன்று, எட்டேமுக்காலாக இறங்கியிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஊசி கொடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்காமல் அவர் என் கையை ஒரு தரம் தட்டினார். சைக்கிள் தன் பங்கைச் செய்திருக்கிறது, களைத்துப்போன கணையத்துக்கு மீதியை ஊசி செய்யட்டும் என்று விளக்கினார். எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது. உங்களுக்கு வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், என்னைப் போன்ற கிராணி அல்ல.

முதல் ஊசியை மறுநாள் காலை ஏழு மணிக்குச் சமையலறை மேசையில் போட்டுக்கொண்டேன். அந்தோணி கண்ணை மூடிக்கொண்டார். வயிற்றுச் சதையைப் பிடித்து, குத்தி, பத்து எண்ணி எடுத்தேன். முடிந்துவிட்டதா என்றார். முடிந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவை மேசையில் ஓங்கி வைத்தேன்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. போன தடவை ஹெச்பிஏ1சி ஏழு என்று வந்தது. செல்லம்மாவும் ஊசியில்தான் இருக்கிறாள். யாருக்கு எண் குறைவு என்பதில் இருவருக்கும் போட்டி. ராத்திரி எழுந்து எழுந்து போவது நின்றுவிட்டது. சாயங்காலமானால் பாதத்தை மடியில் வைத்து விரல் விரலாகப் பார்க்கிறேன். ஐம்பது வருடம் என்னைச் சுமந்த கால்களை இப்போதுதான் முகம் பார்த்துப் பழகுகிறேன். முன்பெல்லாம் இன்னும் எத்தனை நாளோ என்று இருக்கும். இப்போது காலை ஏழு மணி ஆனால் இன்றைக்கு ஒரு நாள் கிடைத்தது என்று தோன்றுகிறது. அவ்வளவுதான், ஆனால் அது போதுமானதாக இருக்கிறது.

அண்ணன் போனபோது அவருக்கு ஐம்பத்து மூன்று. எனக்குப் போன மாதம் ஐம்பத்து நான்கு முடிந்தது. ஏழு வருடம் மூத்தவரை வயதில் தாண்டிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் கல்லறைக்குப் பூ கொண்டுபோனேன். வாழ்நாளில் அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அன்றைக்கு அங்கே படுத்திருந்தவன் என்னைவிடச் சின்னவனாக, ஊசிக்குப் பயந்த பையனாகத் தெரிந்தான். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"வலிக்கவே இல்லடா, சூசை."