செவ்வாய்க் கிரகத்து முள்

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு ஓரிரு வருஷங்களுக்கு முன்பு, சேலத்தில் பிளேக் பரவியபோது நடந்தது இது. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. என் கணவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அடுப்படியில் நின்றிருந்தேன். மேலே விட்டத்திலிருந்து ஓர் எலி பொத்தென்று என் காலடியில் விழுந்து செத்தது. எலி செத்து விழுந்தால் பிளேக் என்று அர்த்தம். அவ்வளவுதான், அன்றைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். முனிசிபல் ஆட்கள் கூரை ஏறி ஓடுகளைப் பிரித்து, வெயில் உள்ளே விழும்படி விட்டார்கள். மாற்றுத்துணி, சமைக்கிற பாத்திரம், இவை போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று உத்தரவு. நான் சேலை மடிப்புக்குள் ஒரு நாவலை ஒளித்து எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த வயதில் நாவல் பைத்தியம். அதிலும் குடும்பக் கதை, காதல் கதை எல்லாம் பிடிக்காது. ஆகாயத்தில் பறக்கிறவன், பூமிக்கடியில் ஊர் கண்டுபிடிக்கிறவன், இப்படி நடக்காததெல்லாம் நடக்க வேண்டும். பார்க்கிறவர்களிடமெல்லாம் படித்துப் பாருங்கள் என்று நீட்டுவேன். "பச்சைப் பொய்யைப் போய்க் காசு குடுத்து வாங்கிப் படிக்கறியே" என்று என் அக்காவே சிரித்திருக்கிறாள். நான் எடுத்துப்போன புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. எழுதியவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு சிநேகிதர்கள் செம்பால் செய்த ஒரு வாகனத்தில் ஏறிச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற கதை.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் கொண்டப்பநாயக்கன்பட்டி. ஏற்காட்டு மலைப்பாதைக்குக் கொஞ்சம் இப்பால், அறுப்பு முடிந்த சோளக்காட்டில் வரிசையாகக் கொட்டகை போட்டிருந்தார்கள். பனையோலைக் கூரை, சோளத்தட்டை நிறுத்திக் கட்டிய சுவர். பக்கத்துக் கொட்டகையில் பேசுவதெல்லாம் கேட்கும். அங்கே இருந்தது வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை செய்கிற ஒரு குடும்பம். புருஷன், மனைவி, நாலு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை. அந்த அம்மாளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம் இருக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை அம்மிணி என்பார். வந்த அன்றே எனக்கு அடுப்புக் கூட்டிக் கொடுத்தவர் அவர்தான். நல்ல உயரம், கணீரென்ற குரல். எங்கள் வரிசையில் எந்தப் பேச்சானாலும் அவர் சொன்னதுதான் முடிவு.

வாரத்துக்கு ஒரு தரம் டாக்டர் ஒருவர் ஜட்கா வண்டியில் வந்து பிளேக் ஊசி போட்டுவிட்டுப் போவார். அதாவது, போட முயற்சி செய்துவிட்டுப் போவார். வண்டி மணிச் சத்தம் கேட்டதும் அந்த அக்கா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆவாரங்காட்டுப் பக்கம் நடந்துவிடுவார். அவர் பின்னாலேயே எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் போய்விடுவார்கள். வண்டி திரும்பிய பிறகுதான் வருவார்கள். நானும் என் கணவரும் இன்னும் இரண்டொருவரும் மட்டும் போட்டுக்கொண்டோம். கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் அந்த அக்காவிடம் போய், ஊசி போட்டால் நோய் வராது, இப்படி ஓடி ஒளிவது அறியாமை, பெற்ற குழந்தையின் உயிரோடு விளையாடுகிறீர்கள் என்று பேசிவிட்டேன். எட்டாம் வகுப்பு படித்தவளின் தைரியம். அவர் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். சீப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போன தடவை நோவு வந்தப்ப எங்கண்ணனுக்கு ஊசி போட்டாங்க அம்மிணி. மூணாம் நாளு அவனைத் தூக்கிட்டுப் போனாங்க. உங்க படிப்பு அவனை எழுப்பித் தருமுங்களா?"

எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அவர் பேசாததால் மற்றவர்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

பெரியவர்கள் பேசாவிட்டாலும் குழந்தைகள் வந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு அலுத்துப் போயிற்று. அவர்கள் காலி வீட்டைப் பார்க்கிறோம் என்று டவுன் பக்கம் ஓடிவிடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம். கதை படிக்கிறேன் என்று நான் உட்காரவைத்தேன். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் செவ்வாய்க் கிரகத்து நாவலை உரக்கப் படிப்பேன். குழந்தைகளைக் கூப்பிட வந்த தாய்மார்கள் நின்று கேட்டார்கள். பிறகு உட்கார்ந்து கேட்டார்கள்.

"ஏனுங்க அம்மிணி, செவ்வாய்ப்பேட்டைக்கு வழி தெரியும். இந்தச் செவ்வாய்க்கு எந்தப் பக்கமா போறதுங்க?" என்றாள் ஒருத்தி.

"செவ்வாய் தோசம்னு கல்யாணமாகாம ஊட்டுல கெடக்குதே எங்க நாத்தனா, அதை அந்த வண்டியில ஏத்தி அனுப்பிச்சுரலாமுங்களா?" என்றாள் இன்னொருத்தி.

சாவுப் பயத்தோடு வந்து கிடந்த அந்தக் காட்டில் அன்றைக்குத்தான் நான் சிரிப்புச் சத்தம் கேட்டேன். தட்டைச் சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. பக்கத்துக் கொட்டகை அக்காவும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் உரக்கப் படித்தேன்.

கதையில், சிநேகிதர்கள் இருவரும் செவ்வாயில் போய் இறங்குகிறார்கள். பூமியிலிருந்து கொண்டுபோன காற்றை ஒரு தோல் பையில் அடைத்து மூக்கோடு கட்டியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் வந்து, "எங்கள் காற்று உங்களுக்கு விஷம். அதில் துளியை முதலில் உங்கள் ரத்தத்தில் கலக்க வேண்டும். ரத்தம் அதோடு பழகிவிட்டால் பிறகு காற்று ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். ஒரு கறுப்புச் செடியின் முள்ளை எதிலோ தோய்த்து இருவர் கையிலும் குத்துகிறார்கள். இருவருக்கும் கொதிக்கிற காய்ச்சல் வருகிறது. நினைவில்லாமல் படுத்துவிடுகிறார்கள். அத்தியாயம் அங்கே முடிகிறது.

புத்தகத்தை மூடிவிட்டு அடுப்பு மூட்டப் போனேன். தட்டைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது.

"அம்மிணி, அவங்க ரெண்டு பேரும் எந்திரிச்சாங்களா இல்லீங்களா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "நாளைக்குப் படிக்கறேனுங்கக்கா" என்றேன். நான் அந்த நாவலை முன்பே பல தடவை படித்தவள். அடுத்த அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். சிநேகிதர்களில் பெரியவன் எழுந்துகொள்கிறான். சின்னவன் செத்துப்போகிறான்.

அதுவரைக்கும் அந்த முள்ளையும் எங்கள் ஊசியையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? அது செவ்வாய்க் கிரகம், இது சேலம். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. டாக்டர் வருகிற நாள் நெருங்கிவிட்டது. இந்த நேரத்தில் முள் குத்தி ஒருவன் செத்தான் என்று படித்தால், ஊசிக்கு நிற்கிற ஒன்றிரண்டு பேரும் ஆவாரங்காட்டுக்கு ஓடிவிடுவார்கள்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "அந்த இடத்தை உட்டுட்டுப் படி. ரெண்டு பேரும் எந்திரிச்சு உக்காந்தாங்கன்னு சொல்லிரு. அச்சுல என்ன இருக்குதுன்னு யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நல்லதுக்காகச் சொல்கிற பொய்தானே.

மறுநாள் மத்தியானம் வழக்கத்தைவிடக் கூட்டம். பக்கத்துக் கொட்டகை அக்காவும் சுற்றிக்கொண்டு வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்தார். நான் புத்தகத்தைப் பிரித்ததும் அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்:

"அந்தச் சின்னவன் இருக்கறானே, வாய் ஓயாம பேசிக்கிட்டு, பாக்கறதையெல்லாம் தொட்டுப் பாத்துக்கிட்டு... எங்கண்ணன் அப்படியேதானுங்க."

அதைக் கேட்ட பிறகு அவனைப் பற்றி எப்படிப் பொய் சொல்வது? அவர் அண்ணனைப் பற்றியே பொய் சொல்வதுபோல இருந்தது எனக்கு. நான் மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தேன். அச்சில் இருந்தபடியே படித்தேன். பெரியவன் கண் விழிக்கிறான். பக்கத்தில் சின்னவன் அசையாமல் கிடக்கிறான்.

அந்த அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"பாத்தீங்களா? அங்கயும் அதுதான் கொன்னுச்சு" என்றார். அவருக்குக் கோபமில்லை. தனக்குத் தெரிந்ததையே மறுபடி கேட்டவர்போல நடந்தார். இன்னும் சிலரும் எழுந்தார்கள்.

வாதாடப் போனால் என்ன ஆகும் என்று முன்பே பார்த்தாகிவிட்டது. அதனால் நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனேன். பெரியவன் அந்த ஊர் வைத்தியனின் கழுத்தைப் பிடித்து, "உங்கள் முள்தான் அவனைக் கொன்றது" என்று கத்துகிறான். வைத்தியன் அழுகிறான். இறங்கிய அன்றைக்கே சின்னவன் பூவை முகர்ந்து பார்க்கிற ஆசையில், யாருக்கும் தெரியாமல் மூக்கிலிருந்த பையைக் கழற்றியிருக்கிறான். அதை யாரிடமும் சொல்லவில்லை; காய்ச்சலில் பிதற்றியபோதுதான் வைத்தியனுக்குத் தெரிந்திருக்கிறது. "முள் அவனைக் கொல்லவில்லை. முள்ளுக்கு முன்பே எங்கள் காற்று அவனுக்குள் போய்விட்டது. நாங்கள் காலம் கடந்து வந்தோம்" என்கிறான் வைத்தியன்.

நிமிர்ந்து பார்த்தேன். அந்த அக்கா தன் கொட்டகை வாசலில், முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். உள்ளே போகவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தார்.

"அதை இன்னொருக்காப் படிங்க அம்மிணி."

படித்தேன். அவர் நின்றபடியே கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல், மலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஊசி போட்ட அன்னிக்குக் காத்தாலயே எங்கண்ணனுக்கு மேலு சுட்டுச்சுங்க. தலை நோவுதுன்னான். நான்தான் சுடுதண்ணி வெச்சுக் குடுத்தேன். அதுக்கப்பறந்தான், வேலைக்குப் போற வழியில புடிச்சு ஊசி போட்டுட்டாங்க. இத்தன வருசமா ஊசியத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்தச் சுடுதண்ணிய நான் நெனைக்கவே இல்லீங்களே."

அப்படியே உட்கார்ந்து அழுதார். அழட்டும் என்று எல்லோரும் இருந்தோம். நான் அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

டாக்டரின் ஜட்கா மணி கேட்டபோது எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக வண்டியிடம் போனார். டாக்டருக்கே ஆச்சரியம். அவர் ஊசியை எடுத்ததும் இந்த அம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல மேலு சுடுதான்னு தொட்டுப் பாருங்க சாமி. அதுக்கப்பறம் போடுங்க. எல்லாத்துக்கும் அப்படித்தான் பாக்கோணும்."

"சரிம்மா, தொட்டுப் பார்த்தே போடறேன்" என்றார் டாக்டர். அன்று எங்கள் வரிசை முழுக்க ஒவ்வொருவர் கழுத்தையும் தொட்டுப் பார்த்துத்தான் போட்டார். ஆவாரங்காட்டுப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

ஆனால் என் பயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கடுமையாக வந்தது. கை வீங்கி, கண்ணைத் திறக்காமல் கிடந்தது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு கட்டுக்கதையைப் படித்து ஒரு தாயின் மனத்தை மாற்றிவிட்டேனே, நான் யார் அதற்கு என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈரத்துணியோடு அவர்கள் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அக்காவுக்கும் காய்ச்சல்தான். படுத்தபடியே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி இப்படி அரண்டு போயிட்டீங்க? பெரியவன் எந்திரிச்சானில்ல, இதுவும் எந்திரிக்கும்" என்றார். என் நாவலை என்னைவிட அவர்தான் அதிகம் நம்பினார்.

மறுநாளைக்கு மறுநாள் விடிந்து நான் எட்டிப் பார்த்தபோது குழந்தை உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தது. மூக்கில் பை கட்டிவிடச் சொல்லி அம்மாவைப் படுத்திக்கொண்டிருந்தது. நான் வெளியே போய் நின்று சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் வரிசையில் யாரையும் நாங்கள் பறிகொடுக்கவில்லை. அதற்கு ஊசி காரணமா, ஊரைவிட்டு வந்தது காரணமா, நான் சொல்லத் தகுந்தவள் இல்லை. நோய் அடங்கியதும் அவரவர் வீடு திரும்பினோம். அந்த அக்கா குடும்பம் சுரங்கத்துப் பக்கம் போய்விட்டது. கிளம்பும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இந்த மாதிரிப் பொஸ்தகம் இன்னும் இருக்குதுங்களா அம்மிணி? இருந்தா, என் பொண்ணு படிக்கப் பழகுனதும் அதுக்குச் சொல்லுங்க." அதற்கு அப்புறம் நான் அவர்களைப் பார்க்கவில்லை.

எனக்கு இப்போது பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. இன்றைக்கும் அந்த மாதிரி நாவல் எதைப் படித்தாலும் நாலு பேரிடம் படியுங்கள் என்று சொல்லாமல் இருக்க மாட்டேன். நடக்காத கதையைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. தன் ஊரில், தன் வீட்டில் வைத்து யார் சொல்லியும் கேட்க முடியாத ஒரு சேதியை, செவ்வாய்க் கிரகம் வரைக்கும் போய் நின்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்த ஒரு தாயின் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.