முந்தானையில் வந்த கையெழுத்து

செம்மேட்டில் நான் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தபோது, டெண்டர்களை இனி இன்டர்நெட்டில்தான் போட வேண்டும் என்று யூனியன் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வாழவந்தி நாட்டில் சிறு பாலங்கள் கட்டும் கான்ட்ராக்டர் ஒருவர் நேராக என்னிடம் வந்தார். அவருக்கு டிஜிட்டல் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பார்ப்பதற்குப் பென் டிரைவ் மாதிரி இருந்தது.

"ஏனுங்கம்மிணி, நான் கையெழுத்தே போடலை. இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"சட்டப்படி இதும் நீங்க பேனாவுல போடறதும் ஒண்ணுதானுங்ணா. வேற யாரு கைக்கும் போயிரக் கூடாது, பத்திரம்."

பத்திரம் என்ற சொல்லை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார்.

டெண்டருக்குக் கடைசி நாளன்று வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்தார். கையெழுத்து எங்கே என்று கேட்டேன்.

"என்ற ஊட்டுக்காரிகிட்டப் பத்திரமா இருக்குதுங்க. அவ காளப்பநாயக்கன்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டா."

அது இல்லாமல் டெண்டர் போட முடியாது என்றேன். அவருக்கோ கோபம் வந்தது. "நான் வந்திருக்கேன், என்ற கையும் வந்திருக்குது. கையெழுத்து மட்டும் வரலீனா அதென்னங்க சட்டம்?"

அவர் வீட்டு அக்காவுக்குப் போன் போட்டோம். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் ஏறினார். பலாப்பழ லாரி ஒன்று கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டு வழியை மறித்ததால் பஸ் வரத் தாமதமானது. நேரம் முடியப் போகிற வேளையில் அக்கா ஓடி வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கையெழுத்து இருந்தது, மஞ்சளும் குங்குமமும் வைத்து.

துடைத்துச் சொருகினேன். புதிதாகப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிக் கேட்டது.

"நீங்களே அடிங்கண்ணா. யாருக்கும் தெரியக் கூடாது. ஊட்டு ஆளுங்க பேரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் அதுவரை கீபோர்டைத் தொட்டதில்லை. "எல் எங்கீங்க இருக்குது?" என்றார். சொன்னேன். "ஏ?" அதையும் சொன்னேன். இப்படியே ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு முடிப்பதற்குள், ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு தெரிந்துவிட்டது. அக்காவுக்கும்தான்.

"ஏனுங்க, மாட்டுப் பேரையா வெச்சீங்க? என்ற பேரு வாயில வரலியாக்கும்?"

"ஊட்டு ஆளுங்க பேரு வேண்டாம்னு அம்மிணிதான் சொல்லுச்சு!"

அக்கா என்னை முறைத்தார். நான் அவசரமாகப் பட்டனை அழுத்தினேன். டெண்டர் போய்ச் சேர்ந்தது.

வேலை அவருக்கே கிடைத்தது. ஒப்பந்தம் போட அவர் யூனியன் ஆபீசுக்குப் போன அன்று துணைக்கு நானும் போனேன். டிஜிட்டல் கையெழுத்தை எடுத்துப் பெருமையாக மேசைமேல் வைத்தார். கிளார்க் அதை ஓரமாக நகர்த்திவிட்டு ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார்.

"எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க."

"அப்ப இது எதுக்குங்க?"

"அது டெண்டருக்கு. இது அக்ரிமென்டுக்கு."

கான்ட்ராக்டர் என்னிடம் பேனாவை வாங்கி, முதல் பக்கத்தில் தன் பெயரை ஆற அமர எழுதினார். பார்க்க நிம்மதியாக இருந்தார்.