மதுஜா என்ன படித்தாள்?

மதுஜா இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் அரசியல் படித்துப் பட்டம் வாங்கினாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவிஸில், ஓல்டன் பக்கத்தில் இதை நம்புகிற தமிழர்கள் இன்றைக்கும் குறைவு.

அவள் பிறந்து வளர்ந்தது ஓல்டனுக்கு ஒரு ரயில் நிறுத்தம் தள்ளியிருக்கும் சிற்றூரில். அப்பா அருட்செல்வனுக்குப் பார்சல் கிடங்கில் வேலை. அம்மா சிவகலாவுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில். மகள் பள்ளி இறுதிப் பரீட்சையில் நன்றாகத் தேறியதும் வீட்டில் மருத்துவம் என்ற பேச்சுத்தான் இருந்தது. மதுஜா அரசியல் என்றாள். அதுவும் இங்கிலாந்தில் என்றாள்.

“சூரிச்சில இல்லாத படிப்போ?” என்றார் அருட்செல்வன்.

“எங்கட நாட்டைப் பிடிச்சு ஆண்டவங்கள் என்னெண்டு யோசிச்சவங்கள் எண்டு அவங்கட வீட்டுக்குள்ளயே போய்ப் பாக்கப் போறன், அப்பா.”

“பாத்துப்போட்டு? என்ன வேலை எடுப்பாய்?”

அதை அவள் இன்னும் யோசித்திருக்கவில்லை. அந்த வயதில் யார்தான் யோசிக்கிறார்கள்? அன்றைக்கு அவளுக்காகக் கதைத்தது சிவகலாதான். “அவள் விரும்பினதைப் படிக்கட்டும். நான் பொறுப்பு” என்றாள். அருட்செல்வன் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தார்.

அங்கே முதல் வருடம் மதுஜாவுக்கு நாக்கு எழவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாசித்ததைப் பற்றி வாதிட வேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தும் பாராமல் வந்து வாய் ஓயாமல் பேசினார்கள். இவள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தாள். ஆளப்படுகிறவர்கள் எப்போது சம்மதம் கொடுத்தார்கள், ஒருவருக்காக இன்னொருவர் பேச உரிமை எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் அங்கே கேள்விகள். அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. தமிழிலும் சுவிஸ் ஜெர்மனிலும் இருந்தது, ஆங்கிலத்தில் வாய்க்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதையெல்லாம் அம்மாவிடம் கொட்டினாள். சிவகலா தொலைபேசியை அடுப்பங்கரையில் சாத்தி வைத்துவிட்டு, வெங்காயம் உரித்தபடி கேட்பாள். சும்மா “ஓம், ஓம்” போடுகிற ஆள் இல்லை. “அப்ப எங்களைக் கேளாமல் எங்களுக்காகக் கதைக்கிறவன் கள்ளன் எண்டோ சொல்லுகினம்?” என்று ஒரு நாள் கேட்டாள். மதுஜா துள்ளிக் குதித்தாள். “அம்மா, என்ர வகுப்பில ஒருத்தருக்கும் இவ்வளவு கெதியா விளங்கேல்ல!”

இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் அவளுக்கு வாய் திறந்தது. சுவிஸில் ஒருவருக்குக் குடியுரிமை கொடுப்பதா இல்லையா என்பதில் அவர் வாழும் ஊரின் கெமைண்டவுக்கு, அதாவது ஊர் நிர்வாகத்துக்கு, பெரிய பங்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்களே விசாரித்து முடிவெடுக்கிற இடங்களும் உண்டு. இது மக்களாட்சியா, ஊர்ச் சண்டித்தனமா? மதுஜா எழுந்து நின்று முழுப் பாடநேரத்தையும் பிடித்துக்கொண்டாள். இதையே ஆய்வுக்கட்டுரையாக எழுது என்றார் பேராசிரியர். அன்று இரண்டு கண்ணிலும் தண்ணீர் வர அம்மாவுக்குச் சொன்னாள். வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சிவகலா அவளை வெளியே விடுவதில்லை. “பிள்ளை களைச்சுப் போய் வந்திருக்கிறாள், ஆக்கள் வந்து அலட்ட வேண்டாம்” என்பாள். கோயிலுக்குப் போனாலும் பூசை முடிந்த கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். மதுஜா அதைப் பாசம் என்று நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பட்டம் கிடைத்த கோடையில் சிவகலா பாடசாலை மண்டபத்தை எடுத்து விழா வைத்தாள். எங்கள் ஆட்களுக்குப் பிறந்தநாள் என்றாலும் பட்டமளிப்பு என்றாலும் கலியாணவீட்டு ஆயத்தம்தான். மேடைக்குப் பட்டுத்துணி, வாசலில் நிறைகுடம், கறுப்பு அங்கியோடு மதுஜாவின் ஆளுயரப் படம். அவள் சேலை கட்டி மேடைக்கு வர, ஒலிவாங்கியைப் பிடித்திருந்த மரியதாஸ் அண்ணை முழங்கினார்:

“எங்கட ஊரின்ர முதலாவது பெண் சட்டத்தரணி!”

மதுஜா சிரித்தாள். பாவம், மனிதர் பிழையாக விளங்கிவிட்டார் என்று நினைத்தாள். அப்போது கேக்கின் மூடியைத் திறந்தார்கள். கேக்கின் மேல் ஒரு தராசு. அதன் கீழே, ‘சட்டத்தரணி மதுஜா’.

அவள் நேரே அப்பாவிடம் போனாள். இந்தப் படிப்பைப் பிடிக்காதவர் அவர் ஒருவர்தானே.

“ஏனப்பா இப்பிடிச் செய்தனீங்கள்?”

அருட்செல்வனும் கேக்கைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். “நான் ஒண்டும் செய்யேல்லப் பிள்ளை. உன்ர படிப்பு எனக்குப் பிடிக்கேல்லத்தான். ஆனா ஆரும் கேட்டால் அரசியல் எண்டுதான் சொன்னனான். ஆக்கள் சிரிச்சவை. எனக்கு விளங்காதாம், கொம்மாவைக் கேட்டால்தான் சரியாத் தெரியுமாம். பிறகு நான் அந்தக் கதையே எடுக்கிறேல்ல.”

அவள் அதை விழுங்குவதற்குள் புனிதவதி அன்ரி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதே கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரி. அலுவலகங்கள் கூட்டித் துடைக்கிற வேலை. இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறாள்.

“வெள்ளைக்கார நீதவானுக்கு முன்னால எழும்பி நிண்டு, எங்கட கெமைண்டவைப் பற்றி வாதாடினியாமே! அம்மா சொல்லேக்க எனக்குப் புல்லரிச்சது. அதாலதானே என்ர அலுவலை உன்னட்ட விட்டனான்.”

நீதவான் இல்லை, பேராசிரியர். நீதிமன்றம் இல்லை, வகுப்பறை. ஆனால் எழும்பி நின்றதும் கெமைண்டவைப் பற்றிப் பேசியதும் உண்மை. அது தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர். வெங்காயம் உரித்தபடி கேட்டவர்.

“என்ன அலுவல், அன்ரி?” என்று கேட்டாள் மதுஜா.

புனிதவதியின் குடியுரிமை மனுவைக் கெமைண்ட மறுத்துவிட்டிருந்தது. மேன்முறையீட்டுக்குக் கொஞ்ச நாள்தான் தருவார்கள். ஓல்டனில் ஒரு சட்டத்தரணியிடம் போகப் புறப்பட்டவளைச் சிவகலாதான் மறித்தாள். எங்கட பிள்ளை இருக்கேக்க ஏன் பிறத்தியாரிட்டப் போறியள் என்றாள். மதுஜாவின் தொலைபேசி இலக்கம் கேட்டபோது, பரீட்சை நேரம், நானே கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அடுத்த கிழமை வந்து, மதுஜா பார்க்கிறாளாம், பயப்பட வேண்டாமாம் என்றாள். தவணை கடந்து மாதங்களாகிவிட்டன. புனிதவதி இன்னமும் நல்ல செய்திக்குக் காத்திருந்தாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சிவகலாவின் புளுகு மூன்று வருடம் ஓடியது. வேலியே பயிரை மேய்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

மேடைக்குப் பின்னால், கதிரைகள் அடுக்கி வைக்கிற சின்ன அறைக்குள் மதுஜா அம்மாவை இழுத்துப் போனாள்.

“என்ர வேலையிடத்தில எல்லாற்ற பிள்ளையளும் டொக்டருக்குப் படிக்குதுகள்” என்றாள் சிவகலா. “அரசியல் எண்டால் சிரிப்பினம். ஒருக்கா வாயில வந்திட்டுது, லோ படிக்கிறாள் எண்டு. பிறகு நிப்பாட்டேலாமல் போச்சு.”

“அன்ரியின்ர அலுவலை என்னட்டக் கேட்டிருந்தால் ஒரு நிமிசத்தில சொல்லியிருப்பன், உடன லோயரிட்டப் போங்கோ எண்டு. நான் அதைத்தானே அம்மா எழுதினனான்! கேக்காட்டிலும் பரவாயில்லை, நீங்களே அவவை அனுப்பியிருக்கலாமே?”

“அனுப்பியிருந்தால் நீ லோயர் இல்லையெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே.”

மதுஜா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் வெட்கம் இருந்தது, ஆனால் அது புனிதவதிக்காக வந்த வெட்கம் இல்லை.

“இண்டைக்கு ஒரு நாள் மட்டும் பொறு குஞ்சு. அம்மாவுக்காக.”

மதுஜா பொறுக்கவில்லை. மேடைக்குப் போய் மரியதாஸ் அண்ணையின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் சட்டத்தரணி இல்லை. நான் சட்டம் படிக்கவே இல்லை. அரசியல்தான் படிச்சனான், அதில எனக்கு நல்ல பெருமை. என்ர பேரைச் சொல்லி உங்களுக்கு ஆரும் வாக்குத் தந்திருந்தால், அது நான் தந்த வாக்கு இல்லை. புனிதவதி அன்ரி, உங்கட அலுவல் இண்டைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

மூன்று வருடம் தனக்குத் தெரியாமலே வேறொருத்தியாக வாழ்ந்தவள், அந்தக் கொஞ்ச நேரம் தானாக நின்றாள்.

சிவகலா மேடையேறி வந்தாள். மகளின் தோளை அணைத்து, ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினாள். முகம் நிறையச் சிரிப்பு.

“பாத்தியளோ? லோயர்மாருக்கு எப்பவும் பகிடிதான்! வாங்கோ, கேக் வெட்டுவம்.”

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் வேறு. “அடக்கமான பிள்ளை” என்று யாரோ சொன்னது மதுஜாவுக்குக் கேட்டது. சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அருட்செல்வன். மற்றவள் புனிதவதி. அவள் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் மேலங்கியைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். மதுஜா சேலைத் தலைப்பைத் தூக்கிப் பிடித்தபடி அவளுக்குப் பின்னால் ஓடினாள். கேக்கை யார் வெட்டினார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த கிழமையே புனிதவதியை ஓல்டனில் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப் போனாள். போன தவணை போனதுதான், மனுவை முதலிலிருந்து போட வேண்டும் என்றார் அவர். திரும்பி வரும் ரயிலில் புனிதவதி கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “கொம்மாவை என்ர கூடப்பிறந்தவள் மாதிரி நம்பினனான்” என்று மட்டும் சொன்னாள். “நானும்தான், அன்ரி” என்றாள் மதுஜா.

இப்போது மதுஜா பேர்ண் நகரில் ஒரு அறை எடுத்து இருக்கிறாள். குடியுரிமைக்கு மனுப் போடுகிறவர்களுக்கு வழிகாட்டும் ஒரு சின்ன அமைப்பில் வேலை. புனிதவதியின் புது மனு அவளுடைய மேசையில்தான் இருக்கிறது. அருட்செல்வனைக் கேட்டால், மகள் அரசியல் படித்தவள் என்கிறார். ஆட்கள் இன்னமும் சிரிக்கிறார்கள்.

சிவகலா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் அழைக்கிறாள். மதுஜா ஒரு நாளும் எடுக்காமல் விட்டதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வெங்காயம் வெட்டுகிற சத்தம் கேட்கும்.

“வேலை எப்பிடிப் போகுது குஞ்சு? இண்டைக்கு ஆர் ஆர் வந்தவை? என்ன கதைச்சனி?”

“இஞ்ச மழை, அம்மா” என்பாள் மதுஜா. “அங்க எப்பிடி?”