அம்மாவின் தலையில் நட்ட நாற்று

வேற்காட்டு அம்மன் பாதங்களை வணங்கி எழுதத் தொடங்குகிறேன். எங்கள் அம்மா அவர்கள் அம்மன் திருவடி சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் குளிப்பாட்டி மஞ்சள் பூசிய பிறகு, அத்தை பின்னலில் சேர்க்கிற ஒரு நீளச் சவுரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று செய்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று உறவுக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு வரைதான். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது நேட்டாலில், கரும்புத் தோட்டத்தில். பாட்டனார் கள்ளிக்குப்பத்திலிருந்து கூலிக்குக் கப்பலேறிப் போனவர். அங்கே அவர் கைப்பிடித்தது அந்த மண்ணின் சூலு இனத்துப் பெண்ணை. அந்த அம்மாள் காய்ச்சலில் இறந்த பின், பத்து வயசு மகளோடு ஊர் திரும்பினார். நிறத்தைப் பற்றி இங்கே யாரும் பெரிதாகப் பேசவில்லை. வெயிலில் நின்று பாடுபடுகிற சனம் எல்லோரும் கறுப்புத்தான். பேச்செல்லாம் முடியைப் பற்றித்தான். எண்ணெய் வைத்தாலும் படியாது, வாரினால் சீப்பின் பல் உடையும். காப்பிரி முடி என்று கேலி செய்தார்கள்.

அம்பத்தூரில் அப்பாவுக்குக் கொடுத்தபோது, தலையை ஈரத்துணியால் இறுக்கிப் படிய வைத்து, சவுரி சேர்த்து, மேலே பூ ஜடை தைத்துவிட்டார்கள். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் எண்ணெய் முழுக்கில் ஜடை தனியாகக் கழன்று அத்தை கையோடு வந்துவிட்டது. அத்தை, அப்பாவின் அக்கா, அப்பாவை வளர்த்தவர்கள்.

"இன்னாடி இது, கைலயே வந்துகிச்சி? ஊட்டுக்கு வந்தது பொண்ணா, தேங்கா நாரா?"

மொட்டை போட்டால் நேராக வளரும் என்பது அத்தையின் நம்பிக்கை. வேற்காட்டில் வேண்டிக்கொண்டு இரண்டு முறை முடி இறக்க வைத்தார்கள். இரண்டு முறையும் அதே சுருள்தான் முளைத்தது. மூன்றாம் முறை போனபோது நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"அம்மே, ஆத்தா ரெண்டு தபா பதில் சொல்லிட்டா. இன்னும் இன்னாத்துக்குக் கேட்டுகினு கீறே?"

அத்தை பக்தியுள்ளவர்கள். ஆத்தாவின் பதில் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு முடி வளர வளர, தன் தாயார் பின்னிவிட்டது போலவே அம்மா வகிடு வகிடாய்ப் பிரித்து, தலையோடு ஒட்டி வரிசையாய்ப் பின்னிக்கொண்டார்கள். "தலையில நாத்து நட்டுகினு கீறா பாரு" என்றார்கள் அத்தை. அதுவே அந்தப் பின்னலுக்குப் பெயராக நின்றது. அம்மாவும் கோபப்படாமல், "இரு அண்ணி, நாத்து நட்டுட்டு வரேன்" என்று சொல்லித்தான் சீப்பை எடுப்பார்கள்.

எனக்கும் அதே முடி. பெண் பார்க்க வந்த இரண்டு இடம் என் தலையைப் பார்த்தே போய்விட்டது. மூன்றாவதாகப் பூந்தமல்லியிலிருந்து வருகிறார்கள் என்றதும், சவுரி வேண்டும் என்று அழுதேன். அம்மா திட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்களே கடைக்குப் போய் வாங்கி வந்தார்கள். எனக்கு விளங்கவில்லை.

"நீ மட்டும் வெக்க மாட்டே, எனக்கு வாங்கினு வர்றியே?"

"நீ கேட்டே, வாங்கியாந்தேன். என்னிய யாரு கேட்டாங்க?"

பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். பலகாரத் தட்டை வைத்த கையோடு அம்மா பிள்ளையின் தாயாரிடம் சொல்லிவிட்டார்கள். "இதோ பாருங்கம்மா, ஜடையில மேல ஒரு சாண் என் பொண்ணுது, மீதி கடையுது. அப்பால தெரிஞ்சிகினு சண்டை வாணாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மாள் தன் கொண்டையைத் தொட்டுக்கொண்டு, "என்னுது முக்காலும் கடையுதுதான். இத்தினி வருசமா யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்கள். அவர்கள்தான் என் மாமியார்.

இன்றும் நான் சவுரிதான் வைக்கிறேன். எடுத்துவிடு என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. தான் வைத்துக்கொண்டதும் இல்லை. இதில் எது சரி என்று பலமுறை யோசித்தேன், பிடிபடவில்லை. அம்மனுக்கே ஒரு நாளைப் போல மறுநாள் அலங்காரம் இல்லையே.

கடைசி வாரம் மார்ச்சளியில் அம்மாவால் கை தூக்க முடியவில்லை. "இன்னிக்கு நாத்து நீ நடு" என்றார்கள். அதுவரை அவர்கள் தலையை யாரிடமும் கொடுத்ததில்லை. நான் பின்னியதைத் தடவிப் பார்த்து, "இன்னாடி, வாய்க்கா மாரி வளைஞ்சி போவுது" என்று சிரித்தார்கள். ஒன்பது வரிசை.

அவர்கள் போன அன்றைக்குக் குளிப்பாட்டியதில் அந்தப் பின்னல் அவிழ்ந்திருந்தது. "சுமங்கலியா போறா. ஜடை இல்லாம அனுப்ப மனசு வல்லடி" என்றார்கள் அத்தை, கண்ணில் தண்ணீரோடு. அவர்கள் மனசில் குற்றமில்லை. ஆனால் அம்மாவை இனிக் கேட்க முடியாது. கடைசியாக அவர்கள் என்னிடம் கேட்டது எது என்று மட்டும் எனக்குத் தெரியும். சவுரியை ஓரமாக வைத்துவிட்டு ஒன்பது வரிசை பின்னினேன். மாமியார் அம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டார்கள். அத்தை வரிசைக்கு வரிசை மல்லிகை வைத்துக்கொண்டே, "நேரா நடுடி" என்றார்கள்.

தண்ணீர் சுமந்த கள்ளிக்குப்பத்து உறவுகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறாக்கிக் கொடுத்த அப்பா வழிப் பட்டாபிராம் சனங்களுக்கும் அப்பாவும் நானும் கைகூப்புகிறோம்.

ஒரு விண்ணப்பம். அந்தப் பின்னலுக்கு அம்மாவின் தாயார் ஒரு பெயர் சொல்வார்களாம். அம்மா ஒரு தடவை எனக்குச் சொன்னார்கள். நடுவில் நாக்கைத் தட்டுகிற ஓசை வரும். எனக்கு நாக்கு வளையவில்லை, சிரித்துவிட்டேன். மறுபடி கேட்காமல் விட்டுவிட்டேன். இந்த நினைவு மலர் கைக்கு வருகிறவர்களில் நேட்டாலிலிருந்து வந்த குடும்பத்தார் யாருக்காவது அது தெரிந்தால் சொல்லியனுப்ப வேண்டும். அதுவரை எங்கள் வீட்டில் அதற்கு நாத்து என்றுதான் பெயர்.